வியப்பும் வெகுளியும்

"கல்லை வணங்காதே என்கிறீர்கள், ஏற்றுக்கொண்டோம். அந்தக் கல்லைக் கண்டு களிக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்கள்!"

தஞ்சைப் பெரிய கோயிலின் முன்னே நிற்கும் பகுத்தறிவு இளைஞனின் நெஞ்சிலே எழும் கேள்வி இது. அவன் பக்கத்திலே நிற்கும் பக்தனுக்குக் குழப்பமில்லை. கை குவிக்கிறான், கன்னத்தில் போட்டுக்கொள்கிறான், போகிறான். உல்லாசப் பயணம் வந்தவருக்கும் தொல்லையில்லை. படம் எடுக்கிறார், மணி பார்க்கிறார், நகர்கிறார். நம் இளைஞன்தான் தவிக்கிறான். கண், "எத்துணை அழகு!" என்கிறது. கருத்தோ, "எவருடைய வியர்வை?" என்று கேட்கிறது. கண்ணின் பேச்சைக் கேட்டால் கொள்கைக்கு இரண்டகமோ என்று அஞ்சுகிறான். கருத்தின் பேச்சைக் கேட்டால் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமோ என்று கலங்குகிறான்.

இரு தரப்பினர் அவனுக்கு இரு விடை தருகின்றனர். "அடிமைத்தனத்தின் அடையாளம் அந்தக் கோபுரம், அதிலே அழகு காண்பவன் அடிமைத்தனத்துக்கு ஆலவட்டம் வீசுகிறான்" என்கிறார் ஒருவர். "கலை வேறு, நீதி வேறு, உன் அரசியலைச் செருப்போடு சேர்த்து வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே வா" என்கிறார் மற்றவர். முன்னவர் நம் கண்ணைப் பொத்துகிறார். பின்னவர் நம் வாயைப் பொத்துகிறார். கண்ணும் வாயும் திறந்திருக்க ஒருவன் அழகின்முன் நிற்க முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்ஙனம் நிற்பதற்குப் பெயர்தான் சுவை என்பதும் அதன் வாதம்.

காண்ட் காட்டிய மாளிகை

இந்தத் தவிப்பு தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. செர்மனி நாட்டுப் பேரறிஞர் காண்ட், 1790இல் வெளியிட்ட தம் நூலிலே இதே தவிப்பைத் தொட்டிருக்கிறார். ஒரு மாளிகையைக் காட்டி, "இது அழகாக இருக்கிறதா?" என்று ஒருவனைக் கேட்கிறார்களாம். அவன் எத்தனையோ விதமாக விடை கூறலாம். "வாய்பிளந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டவை எனக்குப் பிடிப்பதில்லை" எனலாம். ரூசோவைப் போலச் சீறி, "மக்களின் வியர்வையை வீண் பொருள்களிலே கொட்டும் பெரிய மனிதரின் செருக்கு இது" எனலாம். அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் நாம் கேட்டது அதுவன்று என்கிறார் காண்ட். பசி, பயன், உடைமை, ஆசை ஆகிய எந்தப் பற்றும் கலவாமல் பொருளைக் கண்ட மாத்திரத்தில் எழும் இன்பம் எதுவோ அதுவே அழகின் தீர்ப்பு என்பது அவர் கொள்கை.

அவருக்கு முன்பே, 1757இல், ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் வேறொரு வழி காட்டினார். சுவைக்கு அளவுகோல் உண்டா என்று கேட்டு, உண்டு என்றார். கூரிய உணர்வு, நீண்ட பயிற்சி, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டறியும் பழக்கம், சார்பற்ற மனம், நல்லறிவு ஆகிய ஐந்தும் பெற்றவர்கள் கூடிச் சொல்லும் தீர்ப்பே அந்த அளவுகோல் என்றார்.

நல்ல கருத்துகள்தாம், தள்ளத் தக்கவை அல்ல. ஆயினும் அந்த நல்லறிஞர்களை வணங்கி ஒரு கேள்வி கேட்போம். பற்றற்றுப் பார்க்க வேண்டும் என்றீர்கள். பார்ப்பதற்கு முன் உள்ளே நுழைய வேண்டாமா? பயிற்சி வேண்டும் என்றீர்கள். பயில ஓய்வு வேண்டாமா? அந்த ஓய்வை எவர் உழைத்து எவர் துய்த்தார்? பிரெஞ்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் பூர்தியூ 1979இல் எழுதிய நூல் இக்கேள்வியைத்தான் விரித்துரைத்தது. "எனக்கு நல்ல சுவை உண்டு" என்று ஒருவர் பெருமை பேசும்போது, அவர் பிறந்த வீடும் படித்த பள்ளியும் அவருக்குள்ளிருந்து பேசுகின்றன என்று அது காட்டியது. நமக்கு இது புதுமையா? பிறப்பினால் உயர்வு பேசும் வித்தையை நூற்றாண்டு நூற்றாண்டாய்க் கண்டவர்கள் அல்லவா நாம்?

பொய்யை நீக்கினால் வியப்பு மிகும்

இனிக் கோயிலுக்குள் செல்வோம். முதலில், அங்கே எதைக் கண்டு மக்கள் வியக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையிலே விழாது!" என்பார் வழிகாட்டி. தலைக்குமேல் கதிரவன் காயும்போதே அதை நம்பித் தலையாட்டுவார் கூட்டத்தார். மாலையிலே அதே முற்றத்தில் அதே கோபுரம் நீட்டிய நிழலில் அமர்ந்து இளைப்பாறுபவர்களும் அவர்களே! "உச்சியிலே இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல், சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள்" என்பார் அடுத்து. ஆய்ந்து பார்த்தோர் கண்டது வேறு: அந்தச் சிகரம் ஒரே கல்லன்று, பல துண்டுகளை இணைத்து இழைத்தது.

இந்தப் பொய்களால் என்ன கேடு என்று கேட்பீர்கள். கேடு இதுதான்: இல்லாத அற்புதத்தைத் தேடும் கண் இருக்கும் அழகைக் காண்பதில்லை. நிழல் விழுகிறதா என்று தரையைப் பார்ப்பவன் நிமிர்ந்து விமானத்தைப் பார்ப்பதில்லை. மூடநம்பிக்கை அறிவுக்குப் பகை என்று பலமுறை சொல்லியிருக்கிறோம். அது சுவைக்கும் பகை என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

வியப்பு எங்கிருந்து பிறக்கிறது? பழந்தமிழ் இலக்கணமாம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதற்கு விடை வைத்திருக்கிறது. உள்ளத்து உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து தோன்றும் என்று கணக்கிட்ட நூல் அது. வியப்பை அது மருட்கை என்று அழைக்கிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கம் ஆகிய நான்கும் மருட்கையின் பிறப்பிடங்கள் என்கிறது. இந்நான்கினுள் அருளும் அற்புதமும் இடம்பெறவில்லை என்பதைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்நான்கையும் எடுத்துக்கொண்டு பெரிய கோயிலைப் பாருங்கள். பெருமை வேண்டுமா? இருநூறு அடிக்கு மேல் எழும் விமானம். 1010இல் இராசராசன் அதன் உச்சிக்குச் செப்புக் குடம் தந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. புதுமை வேண்டுமா? அதற்கு முன் தமிழகத்தில் எழுந்த எந்த விமானமும் அந்த உயரத்தை நெருங்கவில்லை. முன்மாதிரி இல்லாத ஒன்றை ஒரு தலைமுறைக்குள் நினைத்து, வரைந்து, எழுப்பி முடித்தார்கள். ஆக்கம் வேண்டுமா? கருங்கல் கிடைக்காத வண்டல் மண் அது. தொலைவிலிருந்து கொணர்ந்த பாறை அங்கே சுவராகிறது, சுவர் தோளாகிறது, தோள் மேலே போகப் போகக் குறுகி, உள்ளே வெற்றிடம் வைத்து, எடையே எடையைத் தாங்கும் வண்ணம் நிற்கிறது. சிறுமை வேண்டுமா? அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளைப் பாருங்கள். ஓர் அணிகலனில் எத்தனை முத்து, எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று கணக்கெழுதிய அந்த உளியின் நுனியைப் பாருங்கள். கருவறையைச் சுற்றிய இருண்ட வழியிலே, நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு. கே. கோவிந்தசாமி 1931இல் அவற்றை வெளிப்படுத்தினார். மேல்தளத்திலே 108 ஆடல் நிலைகளைச் செதுக்கத் தொடங்கி 81 செதுக்கினர். எஞ்சிய 27 இடங்களும் இன்றுவரை வெறுங்கல்லாகவே காத்திருக்கின்றன.

இவற்றைக் கண்டு ஒருவன் நெஞ்சு நிமிராவிட்டால் அவன் பகுத்தறிவாளன் ஆகிவிடமாட்டான், பார்வையற்றவனாகத்தான் இருப்பான். மனிதனின் கை செய்தது அது என்று சொல்பவர்கள் நாம். செய்தவன் மனிதன் என்றால், அந்தச் செயலைக் கண்டு வியக்கும் உரிமை நமக்கன்றோ முதலில் உண்டு? கடவுள் கட்டினார் என்று நம்புபவனுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? எல்லாம் வல்லவருக்கு இருநூறு அடி ஒரு பொருட்டா? எல்லாம் வல்லவனல்லாத மனிதன், பசிப்பவன், களைப்பவன், தவறி விழுந்து சாகக் கூடியவன், அவன் கட்டினான் என்று அறிந்தவனுக்கே அந்த உயரம் உண்மையில் உயரம்.

அழகிய எழுத்தில் அழியாத சொல்

அந்த உளியின் நுனியை இன்னும் சற்று நேரம் பின்தொடர்வோம். என்னென்ன எழுதியது அது?

சேரரையும் பாண்டியரையும் வென்று கவர்ந்த செல்வம் இக்கோயிலுக்கு வந்ததை எழுதியது. இராசராசப் பெருந்தச்சன் என்னும் பட்டம் பெற்ற குஞ்சரமல்லனின் பெயரை எழுதியது. அரசன் பெயரோடு ஒரு தச்சன் பெயரும் நிலைத்தது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் கல்லுடைத்தவர், கல் சுமந்தவர், சாரம் கட்டியவர் பெயர்கள் எங்கே? தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை எழுதியது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர் அவர்கள். ஒவ்வொருத்தியின் பெயர், வந்த ஊர், அளிக்கப்பட்ட வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்னும் பங்கு எல்லாம் அங்கே உள்ளன. அவர்களுள் எவரேனும், "நான் வரமாட்டேன்" என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை எழுதும் வழக்கம் கல்வெட்டுக்கு இல்லை.

இன்னொன்றையும் எழுதியது. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைக் குறிக்கும்போது, அவ்வூர்களில் வரியிறுக்காத நிலம் எது எது என்று பட்டியலிட்டது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரும் அந்தப் பட்டியலில் ஓரிடத்தில் ஒரு சொல் நிற்கிறது: தீண்டாச்சேரி.

தோழனே, அந்தச் சொல்லின்முன் நில்! அதுவும் அதே உளி செதுக்கியதுதான். அதே அழகிய எழுத்து, அதே சீரான வரி, அதே ஆழம். முத்தை எண்ணிய கைதான் மனிதனைத் தள்ளி வைத்ததையும் எழுதியது. ஆயிரம் ஆண்டாக மழையும் வெயிலும் அந்த எழுத்தின் அழகை அழிக்கவில்லை; அந்தச் சொல்லின் கொடுமையையும் அழிக்கவில்லை.

இப்போது என் செய்வது? கொடுமையை எழுதியதால் எழுத்து அழகற்றது என்பதா? பொய்யாகும். எழுத்து அழகாக இருப்பதால் கொடுமையைப் பொறுப்பதா? அது அதைவிடப் பெரிய பொய்யாகும். காண்டிடம் கேட்டால், இரண்டில் எதைக் கேட்கிறாய் என்று முதலில் முடிவு செய் என்பார். மெய்ப்பாட்டியலோ நம்மை அப்படி நெருக்குவதில்லை. மருட்கைக்கு இடம் தந்த அதே வரிசையில் அது வெகுளிக்கும் இடம் தந்திருக்கிறது. உறுப்பை அறுத்தல், குடிகளை நலிதல், கோல்கொண்டு அடித்து அலைத்தல், கொலை ஆகிய நான்கும் வெகுளியின் பிறப்பிடங்கள் என்கிறது. வியப்பவனே வெகுளலாம், வெகுள்பவனே வியக்கலாம். ஒரே மனிதன், ஒரே சுவரின் முன்னே, ஒரே நாழிகையில்!

அவ்வாறு இரண்டும் எழுவது உள்ளத்தின் குழப்பமன்று. உள்ளம் நலமாக இருப்பதன் அறிகுறி. வியப்பு மட்டும் எழுந்தால் நாம் அரசனின் அவையிலே அமர்ந்துவிட்டோம் என்று பொருள். வெகுளி மட்டும் எழுந்தால் அந்தப் பெருந்தச்சனையும் பெயரறியாக் கொத்தனையும் அரசனோடு சேர்த்து நாமும் புதைத்துவிட்டோம் என்று பொருள். அவர்கள் செய்ததை அரசனுடைய பெருமை என்று ஒப்புக்கொண்டு அதன்பின் அதை வெறுப்பது யாருக்கு நன்மை? உழைத்தவனின் படைப்பை உடையவனுக்கே விட்டுக்கொடுப்பது அன்றோ அது?

பார்க்கும் உரிமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாள். சென்னை மாகாணக் கோயில்கள் அனைத்தையும் எல்லார்க்கும் திறந்துவிடும் சட்டம் வந்தது 1947இல். இவற்றுக்கெல்லாம் முன்? தீண்டாச்சேரி என்று எவருடைய குடியிருப்பு எழுதப்பட்டதோ அவர்களின் வழிவந்தோர், அந்த எழுத்தையே பக்கத்தில் நின்று பார்க்க முடியாது! பற்றற்றுப் பார்ப்பவரே அழகின் நடுவர் என்றார்கள். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் எந்த வழக்கின் நடுவர் ஆவார்?

பச்சை என்பது யார் செய்த நிறம்?

"கோயில் மன்னன் கட்டியது, அதை விடுங்கள். இயற்கையின் அழகு எல்லார்க்கும் பொதுவாயிற்றே!" என்பீர்கள். வாருங்கள், கோயிலைவிட்டு வயலுக்குச் செல்வோம். நூறு கலம் நெல் வந்த இடம் அதுதானே?

தை பிறக்குமுன் தஞ்சைத் தரணியின் ஊடே இரயிலில் செல்பவர் காணும் காட்சிக்கு ஈடு உண்டா? அடிவானம் வரை பச்சை. அதனூடே வெள்ளிக் கம்பியாய் வாய்க்கால், கரையிலே தென்னை, நடுவிலே ஒற்றைக் கொக்கு. "ஆகா, இயற்கையின் எழில்!" என்று பெருமூச்செறிகிறார் சன்னலோரத்துச் சான்றோர்.

இயற்கையா? எங்கே இருக்கிறது இயற்கை? காவிரியைத் தன் போக்கில் விட்டால் அது வெள்ளக்காடும் மணற்காடும் நாணற்காடுமாய்க் கிடக்கும். கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை ஆற்று மணலில் கல்லை அமிழ்த்தி எழுப்பியது. அந்த நுட்பத்தைக் கண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பாடம் கற்றார். அங்கே பிரியும் ஆறுகள் வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, கன்னி மடையாகி, ஒவ்வொரு வயலிலும் விரற்கடை அளவு நீர் தேங்கி நிற்கிறது. அப்படி நிற்க வேண்டுமானால் நிலம் பரம்படித்துச் சமமாக்கப்பட்டிருக்க வேண்டும். வரப்பு ஆண்டுதோறும் அண்டை வெட்டிப் பூசப்பட்டிருக்க வேண்டும். நாற்று ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் விரலால் ஊன்றப்பட்டிருக்க வேண்டும். 1934 முதல் மேட்டூர் அணையும் இதிலே பங்காளி. அங்கே மடை திறக்க வழக்கமான நாள் சூன் 12. நீர் இல்லாத ஆண்டில் அந்த நாள் தள்ளிப்போகும், குறுவை கருகும். 2018இல் உச்சநீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்ததே, அதுவும் இந்தப் பச்சைக்குள் கரைந்திருக்கிறது. ஆகவே இரயில் சன்னலில் தெரிவது ஒரு படைப்பு. பெரிய கோயில் கல்லாலான கலை. தஞ்சை வயல் சேற்றாலான கலை. கோயில் ஒருமுறை கட்டியதோடு முடிந்தது. வயலை ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

அந்தக் கலைஞருக்குச் சுவை உண்டா? "வயிற்றுக்கு உழைப்பவளுக்கு வண்ணம் பார்க்க நேரமேது? அவள் கண்ணில் கூலிதான் தெரியும்" என்பர் சிலர். அவர்களுக்கு ஒரு செய்தி. பயிருக்குத் தழைச்சத்து எவ்வளவு வேண்டும் என்று அறிய, வேளாண் அறிஞர்கள் இலை வண்ண அட்டை என்ற ஒன்றைத் தந்திருக்கிறார்கள். இளமஞ்சட் பச்சை முதல் கரும்பச்சை வரை படிப்படியாக வண்ணம் தீட்டிய அட்டை அது. இலையை அதன்மேல் வைத்து ஒப்பிட்டு உரமிட வேண்டும். இந்த அட்டை பிறக்குமுன் எத்தனை தலைமுறைகள் அட்டையில்லாமல் அதைச் செய்தன! இரயில் பயணிக்குப் பச்சை ஒன்றே. களையெடுப்பவளுக்குப் பச்சை பத்து. இது பசியின் பச்சை, இது பூச்சியின் பச்சை, இது கதிர் சுமக்கப்போகும் பச்சை என்று பிரித்தறிபவள் அவள். கூரிய உணர்வு, நீண்ட பயிற்சி, ஒப்பிட்டறியும் பழக்கம் என்று ஹியூம் கேட்ட தகுதிகளை எவரிடம் காண்கிறோம்? பற்று அவள் கண்ணை மறைத்ததா, கூர்மையாக்கியதா?

அந்தக் கண்ணுடையோரை இந்தத் தரணி எப்படி நடத்தியது என்பதை மறைக்க வேண்டாம். கீழைத் தஞ்சையில் பண்ணையாட்களுக்குக் கிடைத்த தண்டனை சவுக்கடியும் சாணிப்பாலும். 1940களில் சங்கம் கண்டு, போராடி, அந்தக் கொடுமையை எதிர்த்தனர். குத்தகைதாரர்க்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதன்பிறகும், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய் நின்ற தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டனர். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. குடிகளை நலிதல், அடித்து அலைத்தல், கொலை என்று வெகுளிக்கு இலக்கணம் எண்ணிய நிலைக்களன்கள் இந்த வயல்களின் நடுவிலேயே நடந்து முடிந்தன.

அது நிகழ்ந்தது மார்கழியில். கதிர் முற்றிச் சாயும் பருவம். வயல் அன்றும் அழகாகத்தான் இருந்திருக்கும்.

சுவைக்குச் சாதி உண்டா?

கல்லிலும் சேற்றிலும் கண்டதை இனி இசையிலும் ஆடலிலும் காண்போம். மிருதங்கத்தின் ஒலியைக் கேட்டு உருகாதார் இல்லை. ஆனால் அந்த ஒலி எதிலிருந்து பிறக்கிறது? பலாமரக் கட்டையின் இருபுறமும் இழுத்துக் கட்டிய பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். சோற்றையும் கற்பொடியையும் குழைத்து இழைத்த கருவட்டம். தோலைத் தேர்ந்து, பதமாக்கி, ஒலி பார்த்து ஒட்டும் செவியும் கையும் தஞ்சைப் பகுதியின் தாழ்த்தப்பட்ட கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு உரியவை. வாசிப்பவர் பெயர் விளம்பரத்தில். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. இசைவாணர் டி. எம். கிருஷ்ணா அக்குடும்பங்களைப் பற்றி 2020இல் நூல் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் தர இசைந்த சென்னைக் கலாக்ஷேத்ரா, பின்னர் அந்த இசைவை விலக்கிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. ஒலி அரங்கத்துக்குள் வரலாம்; தோலின் கதை வாயிலிலே நிற்க வேண்டும்! பயிற்சியும் கூர்மையும் சுவை என்றால், தோலைத் தட்டிப் பார்த்து அரைச் சுருதிக் குறையைக் கண்டு சொல்பவனை விடவா சுவைஞர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார்?

அந்த நானூறு பெண்டிரின் கலைக்கு என்ன நேர்ந்தது என்றும் கேளுங்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு ஒழுங்கு வகுத்தனர். பொட்டுக்கட்டும் வழக்கம் பெண்ணைப் பலியிட்டது. அதை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பாடுபட்டனர். 1947இல் சட்டம் வந்தது. அது நீதி, அதிலே ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. அவர்கள் ஆடியபோது சதிர் என்று முகம் சுளிக்கப்பட்ட ஆட்டம், 1930களில் மேட்டுக்குடி மகளிர் ஆடத் தொடங்கியதும் பரதநாட்டியம் என்று பெயர் பெற்றது, தெய்வீகமும் ஆயிற்று. ஆட்டம் அதுவே, ஆடியவர் மாறினார், சுவைத் தீர்ப்பு மாறியது. அந்த மரபிலே பிறந்த பாலசரசுவதி, அக்கலையின் காதற்சுவையைத் தூய்மைப்படுத்த வேண்டியதில்லை, அது தன்னளவிலேயே தூயது என்று இறுதிவரை வாதாடினார். 2010இல் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவில் ஆயிரம் பேர் ஒருங்கே பரதம் ஆடினர். கண்கொள்ளாக் காட்சி! அந்த ஆயிரத்துள் அந்த நானூற்றுவரின் வழிவந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது, காட்சியின் அழகைக் குறைக்குமா? குறைக்காது. ஆனால் கணக்கு ஒன்று பாக்கியிருப்பதை நினைவூட்டும்.

செய்ய வேண்டுவது

ஆகவே, கேள்வி கேட்ட இளைஞனுக்கு விடை இது. கண்டு களிக்கலாம், களிக்க வேண்டும். அழகைப் பழமைவாதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வறண்ட வாதத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் கஞ்சத்தனம் பகுத்தறிவுக்கு வேண்டியதில்லை. கடலையும் காட்டையும் கதிரவனையும் கடவுளின் துணையின்றிப் பாட முடியும் என்று 1944இல் "அழகின் சிரிப்பு" நூலிலே காட்டினார் பாரதிதாசன். பாட்டில் முடிந்தது பார்வையில் முடியாதா?

ஆனால் மூன்று கடன்கள் உண்டு. பொய்யை நீக்கிப் பார்ப்பது முதற்கடன். நிழல் விழாத கோபுரத்தைவிட நிழல் விழும் கோபுரமே அழகு. செய்த கையைத் தேடிப் பார்ப்பது இரண்டாம் கடன். பெயர் கிடைக்காவிட்டாலும் கை இருந்தது என்பதையாவது நெஞ்சில் வைக்க வேண்டும். மூன்றாவது கடன் பெரிது: அந்தக் கைக்கும் அழகைத் துய்க்கும் ஓய்வு கிடைக்கச் செய்வது. காண்ட் சொன்ன பற்றற்ற பார்வை பொய்யன்று. அரைவயிறாகக் கிடப்பவனுக்கு அது எட்டாது என்பதே உண்மை. நிறைந்த கூலி, வரையறுத்த வேலை நேரம், அருகிலே பள்ளி, ஊருக்கொரு நூலகம், தடையில்லா வாயில் ஆகியவற்றைக் கேட்கும்போது நாம் சோற்றை மட்டும் கேட்கவில்லை. மாலையிலே வரப்பில் அமர்ந்து, தான் நட்ட பயிரைத் தான் வெறுமனே பார்த்து மகிழும் அந்த அரைமணி நேரத்தையும் கேட்கிறோம். அந்த அரைமணி நேரம் எல்லார்க்கும் வாய்க்கும் நாளில்தான், அழகு எல்லார்க்கும் பொது என்னும் பேச்சு உண்மையாகும்.

அதுவரை, தோழர்களே, தஞ்சைக்குச் செல்லுங்கள். விமானத்தை நிமிர்ந்து பாருங்கள். சுவரைக் குனிந்து படியுங்கள். பின் கிழக்கே செல்லுங்கள். கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வரின் நினைவிடத்தின் முன் நின்றுவிட்டு, சுற்றியுள்ள வயலின் பச்சையையும் பாருங்கள். வியப்பும் வெகுளியும் ஒருங்கே எழுமாயின் அஞ்ச வேண்டாம். உங்கள் கண்ணும் கருத்தும் நலமாக இருக்கின்றன.